கடல் கடந்த மாதா: வெளிநாடுகளில் ஈக்வடார் மெஸ்திசோ மக்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், கொலம்பியாவுக்கும் பெருவுக்கும் நடுவே இருக்கும் சிறிய நாடு ஈக்வடார். வாழைப்பழ ஏற்றுமதியாலும் கலாபகோஸ் தீவுகளாலும் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நாட்டுக்காரர்கள் நியூயார்க்கிலும் மாட்ரிட்டிலும் ஜெனோவாவிலும் பெருங்கூட்டமாக வாழ்கிறார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்களில் பெரும்பான்மையான மெஸ்திசோக்களைப் பற்றியும், அவர்கள் கூடவே எடுத்துப்போன பக்தியைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

மெஸ்திசோ என்றால் யார்?

ஸ்பானியர்கள் வந்த பிறகு ஐரோப்பிய, பழங்குடி வம்சங்கள் கலந்து உருவான மக்கள் என்பது பாடப்புத்தக விடை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 77.5 விழுக்காட்டினர் தங்களை மெஸ்திசோ என்று பதிந்தார்கள். இது யாரும் சோதித்துச் சொல்வதல்ல. கணக்கெடுக்க வந்தவர் கேட்கும்போது அவரவர் சொல்லும் பதில். மலைக் கிராமத்தில் கிச்வா என்ற பழங்குடி மொழி பேசிய தாத்தாவுக்கு, நகரத்தில் ஸ்பானிய மொழி மட்டுமே தெரிந்த பேரன் இருப்பான். பேரன் தன்னை மெஸ்திசோ என்பான். அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இறங்கியதும் இந்தக் கோடு அழிந்துவிடுகிறது. தலைநகர் கீட்டோவில் 'நான் பழங்குடி இல்லை' என்று அழுத்திச் சொன்னவரை, மாட்ரிட் மெட்ரோவில் முகத்தை வைத்தே பழங்குடி என்று முடிவு கட்டுகிறார்கள். ஊரில் தனக்குக் கீழே ஒருவரை வைத்துப் பார்த்த பழக்கம் இருந்தவர்களுக்கு இது முதல் அடி. கம்பளித் துணியும் புல்லாங்குழல் இசையுமாக உலகம் சுற்றும் ஒத்தவாலோ கிச்வா வியாபாரிகளின் கதை வேறு. அதை இங்கே சேர்க்கவில்லை.

முதலில் யார், எங்கே போனார்கள்?

ஒரு தொப்பியிலிருந்து தொடங்க வேண்டும். 'பனாமா தொப்பி' என்று உலகம் அழைப்பது ஈக்வடாரில் பின்னப்படுவது. தெற்கு மலைப்பகுதியான அசுவாய், கன்யார் மாகாணங்களில் வீட்டுக்கு வீடு பெண்களும் ஆண்களும் தொகீயா ஓலையில் தொப்பி பின்னினார்கள். 1940களில் அது நாட்டின் பெரிய ஏற்றுமதிச் சரக்குகளில் ஒன்று. 1950களில் சந்தை விழுந்தது. நிலம் துண்டு துண்டாகச் சிறுத்துப்போன ஊர்களில் பின்னல் கூலியும் நின்றதும், தொப்பி வியாபாரிகளுக்கு ஏற்கெனவே பழக்கமான நியூயார்க் பாதையில் ஆண்கள் கிளம்பினார்கள். ஒருவர் போனார், தம்பியை அழைத்தார், தம்பி மச்சானை அழைத்தார். இன்றும் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஒரே தெருவில் ஒரே ஊர்க்காரர்கள் நெருங்கி வாழ்வதற்கு இந்தச் சங்கிலிதான் காரணம்.

1999இல் என்னதான் நடந்தது? எல்லாரும் அந்த வருடத்தைச் சொல்கிறார்களே?

எண்ணெய் விலை சரிவு, 1997–98 எல் நின்யோ வெள்ளம், கண்டபடி கடன் கொடுத்த வங்கிகள் – மூன்றும் சேர்ந்து வந்தன. 1999 மார்ச் மாதம் அதிபர் ஹமில் மவாத் வங்கிகளை மூடச் சொன்னார். அடுத்து, மக்களின் வைப்புத்தொகையை முடக்கினார். வருடத் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 7,000 சூக்ரே (அப்போதைய நாட்டு நாணயம்). 2000 ஜனவரி 9ஆம் தேதி, இனி டாலர்தான் நாட்டு நாணயம் என்று அவர் அறிவித்தபோது விலை 25,000 சூக்ரே. பன்னிரண்டு நாளில் அவர் பதவியும் போனது. ஆனால் சேமிப்பு திரும்பவில்லை. ஓய்வூதியத்தை வங்கியில் போட்ட ஆசிரியர், கடை வைத்திருந்தவர், செவிலியர் என்று நடுத்தர மக்கள் கூட்டம் கூட்டமாக விமானம் ஏறினார்கள். தொப்பி காலத்து ஆட்கள் கிராமத்தார்; இவர்கள் நகரத்தார். பெண்கள் தனியாகக் கிளம்பியதும் இந்த அலையில்தான் அதிகம்.

ஏன் ஸ்பெயின்?

மொழி ஒன்று. விசா வேண்டாம், அதுவே பெரிய காரணம். 2003 ஆகஸ்ட் வரை ஈக்வடார் கடவுச்சீட்டோடு சுற்றுலாப் பயணியாக மாட்ரிட்டில் இறங்கலாம். அந்தக் கதவு மூடுவதற்குள் வந்தவர்களால், சில வருடங்களில் ஸ்பெயினில் ஏறக்குறைய 5 லட்சம் ஈக்வடார்காரர்கள் பதிவாகியிருந்தார்கள். லத்தீன் அமெரிக்கர்களுக்கு இரண்டு வருடச் சட்டப்படியான வசிப்பு முடிந்தாலே குடியுரிமை கேட்கலாம் என்ற விதியும் உண்டு. அதனால் இன்று பலர் காகிதத்தில் ஸ்பானியர்கள்.

ஜெனோவா தனிக் கதை. இத்தாலியத் துறைமுக நகரமான அங்கே முதலில் போனவர்கள் பெரும்பாலும் ஈக்வடாரின் துறைமுக நகரமான குவாயாகில் பெண்கள். முதியோர் நிறைந்த நகரம். வீட்டோடு தங்கி ஒரு பாட்டியைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, இரவில் மருந்து கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. கணவனும் பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள்.

இப்போதும் போகிறார்களா?

போகிறார்கள். 2021க்குப் பிறகு துறைமுக நகரங்களில் போதைப்பொருள் கும்பல்களின் கொலைகளும் கடைக்காரர்களிடம் மாமூல் பறிப்பும் பெருகின. மெக்சிகோ 2021 செப்டம்பரில் ஈக்வடார்காரர்களுக்கு மறுபடி விசா கட்டாயமாக்கியதால், வட அமெரிக்கா போக நினைத்தவர்கள் கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் இடைப்பட்ட தாரியன் காட்டை நடந்து கடக்கத் தொடங்கினார்கள். 2023இல் மட்டும் 57,000க்கு மேற்பட்ட ஈக்வடார்காரர்கள் அந்தக் காட்டைக் கடந்ததாகப் பனாமா அரசு கணக்கு வைத்திருக்கிறது.

பயணச் செலவுக்குப் பணம்?

வட்டிக்காரரிடம். ஊரில் அவருக்கு 'சுல்கேரோ' என்று பெயர். நிலப் பத்திரமோ அப்பாவின் வீடோ ஈடு. ஆளைக் கடத்திச் செல்பவன் 'கொயோத்தே'. பல சமயம் இருவரும் ஒரே குடும்பம். அதனால் போனவர் முதல் சில வருடங்கள் உழைப்பது வட்டிக்குத்தான். வழியில் பிடிபட்டுத் திரும்பி வந்தாலும் கடன் திரும்பி வருவதில்லை.

இதை ஏன் பக்தியைப் பற்றிய பக்கத்தில் சொல்கிறேன் என்றால், கிளம்புவதற்கு முன் இன்னொரு கடனும் வாங்கப்படுகிறது. மாதாவிடம். 'நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர், வேலை கிடைக்கட்டும், உனக்குத் திருவிழா எடுக்கிறேன்.' இந்த நேர்த்திக்கடன் வட்டிக்காரரின் கடனைப் போலவே கறாரானது. இரண்டையும் அடைத்தவர்தான் ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம். வெளிநாட்டு ஈக்வடார்காரர்களின் பக்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் 'ஏக்கம்', 'வேர்கள்' என்று உருகுவதைப் பார்க்கிறேன். ஏக்கம் இருக்கிறதுதான். ஆனால் கொடுத்த வாக்கைத் தீர்க்க வேண்டும் என்ற கணக்குதான் அந்தத் திருவிழாக்களை வருடா வருடம் நடத்துகிறது.

அவர்கள் கும்பிடும் மாதா யார்?

ஊரைச் சொன்னால் மாதாவைச் சொல்லிவிடலாம்.

லோஹா மாகாணத்தார் என்றால் எல் சிஸ்னே மாதா. தோலேதோவிலிருந்து வந்த சிற்பி தியேகோ தெ ரோப்லெஸ் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கிய சிறிய சொரூபம். சுருட்டை முடி என்பதால் 'சுரோனா' என்று செல்லப் பெயர். ஆகஸ்ட் 15 திருநாள் முடிந்து 17ஆம் தேதி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு எல் சிஸ்னே கிராமத்திலிருந்து லோஹா நகரத்துக்கு நடக்கிறார்கள். எழுபது கிலோமீட்டருக்கு மேல். மலையிலிருந்து இறங்கி, கத்தமாயோ பள்ளத்தாக்கின் வெயிலில் தங்கி, மறுபடி ஏறி 20ஆம் தேதி நகரத்துக்குள் நுழைவார்கள். பிள்ளையைத் தோளில் வைத்தும், வெறுங்காலோடும், கடைசிக் கொஞ்ச தூரம் முழங்காலிலும் வருகிறவர்கள் உண்டு. நவம்பர் வரை மாதா நகரத்தில் இருப்பாள்.

கீட்டோ பக்கத்தார் என்றால் கின்சே மாதா. இதுவும் அதே சிற்பியின் கைவேலை. முதலில் ஒயகாச்சி என்ற மலை ஊரில் இருந்து, 1604இல் கின்சேவுக்குக் கொண்டுவரப்பட்டது. நவம்பர் 20 இரவு கீட்டோவிலிருந்து கூட்டம் நடக்கத் தொடங்கி, 21 விடியலில் போய்ச் சேரும்.

கன்யார் மாகாணத்தில் இரண்டு பேர். அசோகெஸ் நகரில் மேக மாதா. 1696இல் கீட்டோ ஆயர் நோயில் படுத்திருந்தபோது ஊர்வலத்தில் போனவர்கள் மேகத்தில் மாதாவைக் கண்டதாகக் கதை. பக்கத்திலேயே பிப்லியானில் பனித்துளி மாதா; மலைப்பாறையோடு ஒட்டிக் கோட்டை மாதிரி கட்டிய கோவில். பிப்லியானிலிருந்து அமெரிக்கா போகாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிளம்புமுன் அந்தப் படிகளில் ஏறிவிட்டுத்தான் போவார்கள். இந்தக் கோவில்கள் எல்லாவற்றிலும் சுவரில் பளிங்கு நன்றிப் பலகைகள் இருக்கும்: 'விசா கிடைத்ததற்கு', 'மகன் எல்லையைக் கடந்ததற்கு'.

சொரூபம் எப்படி நியூயார்க்குக்கும் மாட்ரிட்டுக்கும் வந்தது?

நகல் செய்து, ஊர்க் கோவிலில் மந்திரித்து, பெட்டியில் வைத்து எடுத்து வருவார்கள். முதலில் யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் இருக்கும். வீடு வீடாகச் சுற்றும். போகும் வீட்டில் ஒன்பது நாள் நவநாள் ஜெபமும் காபியும். கூட்டம் பெருத்ததும் ஒரு பங்குத்தந்தையிடம் போய் இடம் கேட்பார்கள்.

இங்கேதான் உரசல் தொடங்கும். பங்குத்தந்தைக்கு ஞாயிறு திருப்பலிக்கு ஆள் வேண்டும், மறைக்கல்வி வேண்டும். இவர்களுக்கு ஊர்வலமும் பேண்டு வாத்தியமும் மாதாவுக்குப் புதுப் பட்டு அங்கியும் வேண்டும். உண்டியல் காசு பங்குக்கா, பக்தர்கள் சங்கத்துக்கா? சொரூபம் யாருக்குச் சொந்தம்? மாட்ரிட்டின் லவாபியேஸ் பகுதியில் சான் லொரென்சோ தேவாலயம் எல் சிஸ்னே பக்தர்களின் மையம் ஆனது. எல்லா ஊரிலும் அவ்வளவு சுலபமாக இடம் கிடைக்கவில்லை. பங்கில் சண்டை போட்டுக்கொண்டு சொரூபத்தைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிப்போன சங்கங்கள் உண்டு.

என்னைக் கேட்டால், பாதிரியார்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஞாயிறு திருப்பலியில் பத்து முதியவர் மட்டும் உட்கார்ந்திருந்த ஐரோப்பியக் கோவிலுக்குள் நூறு பேரைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களிடம், 'உங்கள் பக்தி மூடநம்பிக்கை' என்று சொல்வது அழகல்ல.

பிரியோஸ்தே என்பவர் யார்?

திருவிழா உபயதாரர். அந்த வருடத் திருவிழாவின் செலவு அவர் தலையில். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மலைக் கிராமத்தில் ஒரு திருவிழா என்றால் பட்டியல் நீளம்: மாதாவுக்குப் புது அங்கி, பூ அலங்காரம், திருப்பலிக் காணிக்கை, பேண்டு குழு, மூங்கிலில் கட்டிய பல அடுக்கு வாணவேடிக்கைக் கோபுரம், 'பைத்தியப் பசு' என்று பட்டாசு கட்டிய மாட்டுக் கூண்டைத் தலையில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடும் ஆள், அசுவாய் பக்கமானால் குதிரைகளின் கோல அணிவகுப்பு, முழுப் பன்றி வறுவல், சோளக் கள்ளு, ஊருக்கே சாப்பாடு. முன்பு இதை எடுத்துச் செய்ய ஒருவர் மாட்டை விற்பார். இப்போது நியூஜெர்சியில் கூரை வேலை செய்பவர் செய்கிறார். ஊருக்கு வர அவரிடம் குடியேற்றக் காகிதம் இல்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் பணம் வரும், ஆள் வராது. அம்மா அவர் பெயரில் கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடப்பாள். ஒலிபெருக்கியில் அவர் பெயர் மூன்று முறை சொல்லப்படும். யாரோ கைபேசியில் நேரலை காட்டுவார்கள். அவர் அங்கே கட்டட வேலையின் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் போட்டியும் உண்டு. போன வருடம் குயீன்ஸ்காரர் ஒரு பேண்டு வைத்தார் என்றால் இந்த வருடம் மினியாபொலிஸ்காரர் இரண்டு வைப்பார். ஊரிலேயே இருப்பவர்களால் இந்த அளவுக்குச் செலவழிக்க முடிவதில்லை. பழைய மரியாதைக் குடும்பங்கள் பின்னுக்குப் போய், கூலிக்காரர் மகன் திருவிழாத் தலைவர் ஆகிறான். பாதிரியாரும் முணுமுணுக்கிறார், முன்னாள் பெரியதனக்காரரும் முணுமுணுக்கிறார். மாதாவுக்கு முன்னால் வரிசை மாறியதுதான் இந்தப் புலம்பெயர்வின் பெரிய சமூக மாற்றம் என்பேன். வீடு மூன்று மாடி ஆனதல்ல.

வெளிநாட்டில் நடக்கும் திருவிழாவுக்கும் இதே முறைதான். திருவிழா முடியும் இடத்திலேயே அடுத்த வருட பிரியோஸ்தே முன்வந்து சொல்ல வேண்டும். பெரும்பாலும் தம்பதியாக ஏற்பார்கள். செலவு பயமாக இருந்தால் ஐந்தாறு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்ளும்: ஒருவர் பூ, ஒருவர் பேண்டு, ஒருவர் பன்றி.

கிறிஸ்துமஸ் எப்படி?

குவென்கா நகரத்தார் என்றால் 'பாசே தெல் நின்யோ', அதாவது குழந்தை இயேசு ஊர்வலம். டிசம்பர் 24 காலையிலேயே தெருக்கள் நிரம்பிவிடும். நாயகன் ஒரு சின்ன சொரூபம். 'பயணக் குழந்தை' என்று பெயர். 1961இல் ஒரு குருவானவர் அதைப் புனித நாட்டுக்கும் ரோமுக்கும் எடுத்துப்போய், திருத்தந்தை இருபத்துமூன்றாம் ஜானிடம் ஆசி வாங்கி வந்ததிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு பாதி ஊர் பயணம் கிளம்பியபோது, பெயர் முன்னாலேயே காத்திருந்ததுபோல் ஆயிற்று.

ஊர்வலத்தில் பிள்ளைகள் இடையர், தேவதூதர், ஜிப்சி வேடத்தில் வருவார்கள். குதிரையின் மேல் ஒரு சிறுவன்; குதிரையின் உடம்பு தெரியாதபடி சுற்றிலும் பழம், ரொட்டி, மிட்டாய்ச் சரம், மிளகாய், மதுபாட்டில், நடுவில் வாயில் மிளகாய் கவ்விய வறுத்த பன்றி, மேலே டாலர் நோட்டு மாலை. அதை 'நிறைந்த வருடம் கொடு' என்ற வேண்டுதலாகவும் பார்க்கலாம், 'வெளிநாட்டில் இருப்பவன் நன்றாக இருக்கிறான்' என்ற விளம்பரமாகவும் பார்க்கலாம். நியூயார்க்கில் குதிரைக்குப் பதில் கார். அதே பழம், அதே பன்றி, பானட்டில் கட்டியிருக்கும். தேவதூதர்கள் இறக்கைக்கு அடியில் கனமான குளிர்ச்சட்டை போட்டிருப்பார்கள். தேதியிலும் கறார் கிடையாது. குவென்காவிலேயே இந்த ஊர்வலங்கள் கார்னிவல் வரை நீள்வதால், மண்டபம் கிடைத்த ஞாயிறு போதும்.

எல்லாரும் கத்தோலிக்கர்களா?

இல்லை. 2012இல் அரசு புள்ளியியல் நிறுவனம் எடுத்த ஆய்வில், மதம் உண்டு என்று சொன்னவர்களில் சுமார் 80 விழுக்காடு கத்தோலிக்கர், 11 விழுக்காடு சுவிசேஷச் சபையார். 1931 முதல் கீட்டோவில் எச்.சி.ஜே.பி. என்ற மிஷனரி வானொலி ஒலிபரப்பியிருக்கிறது. சுவிசேஷம் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பலர் சபை மாறுவது வெளிநாட்டில்தான்.

காரணம் இறையியல் அல்ல, பெரும்பாலும் வாழ்க்கை. புது ஊரில் ஞாயிறு தனியாக இருக்கும் ஒருவரை, மாட்ரிட் புறநகரின் பழைய கிடங்கில் நடக்கும் பெந்தெகொஸ்தே சபை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. போதகரும் நேற்று வரை கட்டட வேலை பார்த்தவர். வீடு மாற்ற ஆள் வருவார்கள், வேலைக்குச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் குடி. ஊதியம் முழுவதையும் வார இறுதியில் குடித்துத் தீர்க்கும் கணவனைச் சபைக்கு இழுத்துப்போன மனைவிகள் கதை ஏராளம். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: சபையில் சேர்ந்தவர் பிரியோஸ்தே ஆக வேண்டியதில்லை. வாணவேடிக்கைக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. யாரும் இதை வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் கணக்கு கணக்குத்தான். தசமபாகம் என்று வேறொரு கணக்கு பிறகு தொடங்கும்.

தேவாலயம் அவர்களுக்கு அரசியல் இடமாகவும் இருந்ததா?

2001 ஜனவரி 3, ஸ்பெயினின் முர்சியா வட்டாரம், லோர்கா. விடிவதற்கு முன் பிராக்கோலி பறிக்க 14 பேரை அடைத்துச் சென்ற வேனை, ஆளில்லா ரயில்வே கடவையில் ரயில் மோதியது. 12 பேர் இறந்தார்கள். அனைவரும் ஈக்வடார்காரர்கள், ஒப்பந்தமோ காகிதமோ இல்லாமல் மிகக் குறைந்த கூலிக்கு வேலை செய்தவர்கள். அதே மாதம் 23ஆம் தேதி புது வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்து, காகிதம் இல்லாதவரை நாடு கடத்துவது சுலபமானது. தோட்ட முதலாளிகளும் அபராதத்துக்குப் பயந்து வேலை தர மறுத்தார்கள். வேலையும் இல்லை, திரும்பவும் முடியாது. அப்போது ஈக்வடார்காரர்கள் லோர்காவிலிருந்து முர்சியா நகரம் வரை நடந்தார்கள். தேவாலயங்களுக்குள் போய் வெளியே வர மறுத்து உட்கார்ந்தார்கள். கடைசியில் அரசு இறங்கிவந்து காகிதம் கொடுத்தது.

கோவிலுக்குள் உட்கார்வதும் மாதாவைத் தூக்கி நடப்பதும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. போராட்டத்துக்காகப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. தேவாலயம், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் குடிவரவு அதிகாரிகள் கைது செய்வதைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் விலக்கப்பட்டது. காகிதம் இல்லாதவருக்கு ஞாயிறு திருப்பலிக்குப் போவதே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் ஆகிவிட்டது. தெருவில் ஊர்வலம் என்றால் இன்னும் அதிகம்.

ஸ்பெயினில் வீடு வாங்கி மாட்டிக்கொண்டார்கள் என்கிறார்களே?

2008 பொருளாதார நெருக்கடிக்கு முன் வங்கிகள் கூவிக்கூவிக் கடன் கொடுத்தன. ஜாமீன் யார் போடுவது? ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவர். ஈக்வடாரில் ஞானப்பெற்றோர் உறவு ரத்த உறவுக்குச் சமம். முகத்தைப் பார்த்து மறுக்க முடியாது. இவர் அவருக்கு, அவர் இவருக்கு என்று குறுக்கும் நெடுக்குமாகக் கையெழுத்துப் போட்டார்கள். கட்டட வேலை நின்றதும் ஒருவர் விழ, ஜாமீன் போட்டவரும் விழுந்தார். ஸ்பானியச் சட்டப்படி வீட்டை வங்கி எடுத்துக்கொண்டாலும் மீதிக் கடன் ஆள் தலையில்தான். ஜப்திக்கு எதிராக முதலில் தெருவுக்கு வந்தவர்களில் ஈக்வடார்காரர்கள் முக்கியமானவர்கள். 2009இல் பார்சலோனாவில் தொடங்கிய அடமானக் கடனாளிகள் இயக்கத்திலும் அவர்கள் பங்கு பெரிது.

புலம்பெயர்ந்தவர்களுக்கென்று ஈக்வடார் புனிதர் உண்டா?

அதிகாரபூர்வமாக அப்படி யாரும் இல்லை. ஆனால் நார்சிசா தெ ஹெசுஸ் பொருத்தமானவர். நோபோல் கிராமத்தில் பிறந்து, பெற்றோரை இழந்து, குவாயாகிலுக்குப் போய்த் தையல் வேலை செய்து பிழைத்தார். பிறகு பெருவின் லீமாவுக்குப் போய் 1869இல் அங்கேயே இறந்தார். உடல் 1955இல்தான் நாடு திரும்பியது. 2008 அக்டோபர் 12ஆம் தேதி புனிதர் பட்டம் பெற்றார். அதே நாளில், அதே மேடையில் பட்டம் பெற்ற இன்னொருவர் கேரளத்தின் அல்போன்சா. குவென்காவில் பிறந்த அருட்சகோதரர் மிகேலும் வெளிநாட்டில் இறந்தவர்தான்: 1910, ஸ்பெயினில்.

விட்டுவந்த பிள்ளைகள்?

பாட்டியிடம். ஸ்பெயினில் வேறொருவர் பிள்ளையைக் குளிப்பாட்டும் தாய், தன் பிள்ளையின் முதல் நற்கருணையைத் திரையில் பார்ப்பாள். வெள்ளை உடுப்புக்குப் பணம் அனுப்பியிருப்பாள். ஞானப்பெற்றோர் அவள் இடத்தில் நிற்பார்கள்.

பண்டிகைச் சாப்பாடு என்ன?

தவக்காலத்தில் ஃபனேஸ்கா. புனித வாரத்தில் மட்டும் செய்யும் கெட்டியான சூப். பன்னிரண்டு தானிய வகை என்பது கணக்கு – சோளம், பட்டாணி, மொச்சை, காராமணி, லூபின் பயறு என்று போகும் – பன்னிரண்டு அப்போஸ்தலருக்காக என்பார்கள். பூசணியை வேகவைத்து மசித்து, பால், வேர்க்கடலை, ஊறவைத்து உப்பு இறக்கிய காட் கருவாடு சேர்த்துக் கிளறுவார்கள். மேலே அவித்த முட்டை, வறுத்த பழுத்த வாழை, எம்பனாதா என்ற குட்டிப் பூரணப் பணியாரம். வேலை முழுவதும் முந்தைய நாள்: ஒவ்வொரு மொச்சைக்கும் பட்டாணிக்கும் தோலை விரலால் உரிக்க வேண்டும். மூன்று தலைமுறைப் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து உரிப்பார்கள். குயீன்ஸில் தோலுரித்து உறையவைத்த பாக்கெட்டே ஈக்வடார் கடைகளில் கிடைக்கிறது. அத்தைகள் அதை வாங்குவார்கள், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு கருஞ்சோள மாவும் பெர்ரிப் பழமும் காய்ச்சிய ஊதாக் கூழும், துணியில் சுற்றிய குழந்தையின் வடிவில் சுட்ட ரொட்டியும்.

யாராவது இறந்துவிட்டால்?

உடலை ஊருக்கு அனுப்ப வேண்டும். அது மாற்ற முடியாத விதி. கடைக் கல்லாப் பக்கத்தில் இறந்தவர் புகைப்படம் ஒட்டிய டப்பா வைப்பார்கள்; ஞாயிறு வாலிபால் மைதானத்தில் பன்றி வறுவல் தட்டு விற்று வசூலிப்பார்கள். சங்கங்கள் முதலில் தொடங்கியதே பல இடங்களில் இதற்காகத்தான், திருவிழா பிறகு வந்தது. 2006 டிசம்பர் 30ஆம் தேதி, மாட்ரிட் பராஹாஸ் விமான நிலையத்தில் பாஸ்க் பிரிவினை ஆயுத இயக்கமான ஈடிஏவின் குண்டில் இறந்த இருவரும் ஈக்வடார் இளைஞர்கள். யாரையோ வரவேற்க வந்து, கார் நிறுத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் உடலும் ஊருக்குத்தான் போனது.

திரும்பிப் போகிறார்களா?

சிலர். பெரும்பாலோர் வீட்டைத்தான் அனுப்புகிறார்கள். 2024இல் வெளிநாடுகளிலிருந்து ஈக்வடாருக்கு வந்த பணம் 650 கோடி டாலருக்கு மேல், பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. கன்யார், அசுவாய் சாலைகளில் சோளக் கொல்லை நடுவே கண்ணாடிச் சன்னல், தூண், கார் கொட்டகையோடு மூன்று மாடி வீடுகள் நிற்கும். பாதிரியார் வந்து மந்திரித்திருப்பார். கீழ் அறையில் பாட்டி கோழி வளர்த்துக்கொண்டு குடியிருப்பாள். மேலே பூட்டு.

ஒரு திருவிழாவை நேரில் பார்க்க வேண்டுமானால்?

ஊரில் என்றால் ஆகஸ்ட் 17–20 லோஹா, நவம்பர் 20–21 கின்சே, டிசம்பர் 24 குவென்கா. லோஹாவில் அந்த வாரம் அறை கிடைக்காது, முன்பே சொல்லி வையுங்கள். வெளிநாட்டில் தேதி பக்கத்து ஞாயிறுக்கு நகரும். குயீன்ஸில் ரூஸ்வெல்ட் அவென்யூவில், மேலே ஏழாம் எண் ரயில் தடதடக்கும் பாலத்துக்கு அடியில் உள்ள ஈக்வடார் ரொட்டிக் கடைகளின் கண்ணாடிக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கும். சில்லறை டாலர் கையில் இருக்கட்டும், மாதாவின் அங்கியில் குத்திவிட. சாப்பாட்டுத் தட்டு நீட்டினால் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பிரியோஸ்தேயின் செலவு, மறுத்தால் அவருக்குத்தான் சங்கடம்.